வெண்கட்டிக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

நடப்பதற்காகவே நடப்பது என்றொரு காரியம் உலகத்தில் உண்டு என்பது ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் நடந்து போனால் கடைக்குப் போவார், கோயிலுக்குப் போவார், இல்லாவிட்டால் செத்தவீட்டுக்குப் போவார். "எங்கை போறியள்?" என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தடித்த சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மலையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற சனங்களை முதலில் நான் பரிதாபமாகத்தான் பார்த்தேன்.

எங்களையும் அப்படி நடக்க அழைத்தவர் டொச் அம்மா. நாங்கள் இருந்த அகதிகள் விடுதிக்கு, அதை ஹைம் என்போம், புதன்கிழமைகளில் வந்து டொச் என்கிற ஜேர்மன் மொழி படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியை. சாப்பாட்டு அறையில் ஒரு கரும்பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, கைப்பையிலிருந்து வெண்கட்டியை எடுப்பார். அவருடைய கணவர் முன்னாள் தபால்காரர். ஊருக்குப் பின்னால் இருந்த மலையில், இரண்டாம் உலக யுத்தத்துக்காகத் தோண்டிய சுரங்கமும் பதுங்குகுழிகளும் அரண்களும் காடு மூடிக் கிடந்தன. தபால்காரரும் அவருடைய கூட்டாளிகளும் அவற்றைத் துப்புரவாக்கி, பலகைகள் நட்டு, ஒரு திறந்தவெளி அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். ஒக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் ஒரு கூட்டத்தை அழைத்துப் போகிறார், நீங்களும் வாருங்கள் என்றார் டொச் அம்மா. எண்பத்தாறாம் ஆண்டு அது.

நானும் என் கணவரும் உடனே ஓம் என்றோம். வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஹைமின் ஜன்னலால் ஒரே பேக்கரியை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், மலை என்ன, குப்பைமேட்டைக் காட்டினாலும் போயிருப்போம். தயங்கியவர் பக்கத்து அறை அண்ணை.

அண்ணை ஊரில் கிணறு வெட்டுகிறவர். சுண்ணாம்புக் கல்லுக்கு வெடி வைத்து, அலவாங்கால் நெம்பி, எத்தனையோ கிணறு இறக்கியவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். அவர்களைக் கூப்பிடுவதற்காகவே அவர் இங்கே இருந்தார். அதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமே கிடையாது.

அந்த நாட்களில் அசூல் என்ற அரசியல் அடைக்கலம் கேட்டவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்களைப் பதிந்து வைத்திருக்கிற லாண்ட்கிரைஸின், அதாவது மாவட்டத்தின், எல்லையை நாங்கள் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் அலுவலகத்தில் கடிதம் எடுக்க வேண்டும். ஒருமுறை பிடிபட்டால் தண்டம், மறுமுறையும் பிடிபட்டால் கோர்ட்டு. ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் மனைவி கொடுத்துவிட்ட படங்களை வாங்குவதற்காகக் கடிதமில்லாமல் பிராங்பேர்ட்டுக்கு ரயில் ஏறி, அங்கே ஸ்டேசனிலேயே அண்ணை ஏற்கனவே ஒருமுறை பிடிபட்டிருந்தார். பொலிஸ் வந்தபோது படங்கள் கையில்தான் இருந்தனவாம். அதன் பிறகு ஊர் முடிகிற பெயர்ப்பலகைக்குக் கிட்டவும் அவர் போவதில்லை.

"ரீச்சர், நீங்கள் மப்பைப் பாத்து ஒருக்காச் சொல்லுங்கோ," என்றார் அண்ணை. "அது எங்கடை லாண்ட்கிரைஸுக்கை தானோ? இன்னொருக்காப் பிடிச்சால் கேஸ் பழுதாப் போம். மனிசி பிள்ளையளைக் கூப்பிட ஏலாமல் போயிடும்."

ரீச்சர் என்பது நான். ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆறு வருடம் புவியியல் படிப்பித்தவள். ஹைமில் என்னை விட மூத்தவர்களும் ரீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பஸ் தரிப்பிடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. போய்ப் பார்த்தேன். மாவட்ட எல்லை மலையின் உச்சியால் புள்ளிப் புள்ளியாகப் போனது. நடைபாதையைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தார்கள். அது மலையின் எங்கள் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி ஏறி, உச்சிக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்பு வளைவில் போய் நின்றது. விரலை வைத்து இரண்டு தரம் பார்த்தேன்.

"ஒரு சாண் கூட வெளியிலை போகாது, அண்ணை. நான் பொறுப்பு," என்றேன்.

"ரீச்சர் சொன்னால் சரி," என்று அவர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை நாங்கள் மூன்று பேரும் புறப்பட்ட கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். என் சேலைக்குள் இவருடைய கம்பளிக் காற்சட்டை. மேலே ஓர் ஆம்பிளைக் கோட்டு. அண்ணை தேவாலயத்தில் கொடுத்த மண்ணிறக் கோட்டும் சூட்டும் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டி, கூர்முனைச் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு வந்து நின்றார். மலைக்கு ஏன் இந்தச் சோடனை என்று கேட்டதற்கு, "மதிச்சுக் கூப்பிட்டிருக்கினம், சும்மா போறதோ?" என்றார். கையில் ரொட்டிப் பொதி. கேக் செய்கிற பெண்கள் வாங்குகிற உலர்ந்த தேங்காய்ப்பூவைத் தண்ணீர் தெளித்து உயிர்ப்பித்து நான் இடித்த சம்பல் அதற்குள் இருந்தது.

முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் தடித்த சப்பாத்து, ஊன்றுதடி. அண்ணையின் சூட்டைப் பார்த்து ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். அண்ணை குனிந்து கும்பிட்டார். அதிலிருந்து அந்தக் கிழவர் நாள் முழுக்க அவரைப் பெரிய மனிதராகவே நடத்தினார்.

மலையடியில் கொங்கிறீட் கூம்புகள் வரிசை வரிசையாகக் காட்டுக்குள் போயின. யுத்த டாங்கிகளைத் தடுக்க வைத்தவையாம். பாசி பிடித்துப் பச்சையாக இருந்தன. ஒரு பெண் அதிலொன்றில் ஏறி இருந்து ஆப்பிள் சீவினாள். மேலே போகப் போக வளைந்து வளைந்து பதுங்குகுழிகள். மண் சரியாமல் புதுப் பலகை அடித்து, கைபிடிக்கு வர்ணம் பூசி, இடைக்கிடை இருந்து இளைப்பாற வாங்கும் போட்டிருந்தார்கள்.

அந்த மாதம்தான் ஊரிலிருந்து தம்பியின் கடிதம் வந்திருந்தது. குண்டுக்குப் பதுங்கக் குசினிக்குப் பின்னால் பங்கர் வெட்டி முடித்தாயிற்று, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருக்கிறோம், தவளைக்குப் பயந்து அம்மா மட்டும் இறங்கமாட்டேன் என்கிறா என்று எழுதியிருந்தான். அங்கே அவசர அவசரமாக வெட்டுவதை இங்கே வர்ணம் பூசி, வாங்கு போட்டு, ஆப்பிள் தின்றுகொண்டு பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பக்கத்தில் வந்த இவர் மேல் காட்டினேன்.

"இதென்ன கண்காட்சியோ? வெக்கமில்லாமல் வாங்கும் போட்டிருக்குதுகள்."

"சண்டை முடிஞ்சால்தான் வர்ணம் பூசலாம்," என்றார் இவர். "எங்கடை பங்கருக்கும் ஒருநாள் வாங்கு போடுவம். நீர் வாசலிலை நிண்டு டிக்கெட் கிழிச்சுக் குடும்."

கோபத்தில் இருந்த நான் சிரித்துவிட்டேன். இவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் இது.

சுரங்க வாசல் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. இரும்புக் கதவு. தபால்காரர் எல்லோருக்கும் மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார். என் கொண்டைக்கு மேல் அது நிற்க மறுத்து, வாளியைக் கவிழ்த்தமாதிரி ஆடிக்கொண்டே வந்தது. கடைசி ஆளும் உள்ளே வந்ததும் அவர் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் மாட்டினார். உள்ளே கம்பியில் தொங்கிய பல்புகள். குளிர் எலும்புக்குள் போனது. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

அதுவரை என் பின்னாலேயே ஒதுங்கி வந்த அண்ணை உள்ளே போனதும் வேறு ஆளாகிவிட்டார். கல்லைக் கண்டவுடன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். சுவரைத் தடவினார். தட்டிப் பார்த்தார். வெடி வைப்பதற்காகத் துளைத்த துவாரங்களின் பாதித் தடம் சுவரில் நீள நீளமாக இருந்தது. அதற்குள் பெருவிரலை வைத்து, "இஞ்சாலை இருந்து அங்காலை போயிருக்கினம், ரீச்சர். வலு சுத்தமான வேலை," என்றார். பிறகு கூரையைப் பார்த்தபடியே நடந்தார். ஊரை விட்டு வருவதற்கு முந்திய கிழமை கிணற்றடியில் அவரும் ஒரு பங்கர் வெட்டிவிட்டு வந்தவர். இங்கே எந்தக் கூரையைக் கண்டாலும் அந்தக் கூரை மாரிமழைக்கு நிற்குமா என்ற கவலைதான் அவருக்கு.

பத்து நிமிடம் நடந்திருப்போம். நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி வந்தது. நான் அதில் தடக்கி விழப் பார்த்தேன். அண்ணை படியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஒரு காலைத் தூக்கிப் படிமேல் வைத்து, படிக்கு அந்தப் பக்கச் சுவரின் தடத்தில் விரலை ஓட்டினார்.

"இதிலைதான் முட்டியிருக்கினம்!" என்று சத்தம் போட்டார். "ரண்டு பக்கத்தாலையும் வெட்டிக்கொண்டு வந்து இதிலை சந்திச்சிருக்கினம். அங்காலைப் பகுதி ஒரு முழம் உயந்து போச்சு."

தபால்காரர் கண்ணை அகல விரித்தார். தமிழில் சொன்னதைக் கையின் அசைவிலேயே விளங்கிக்கொண்டார். வருகிற கூட்டத்துக்கெல்லாம் அவர் வித்தை காட்டுவதுபோல இறுதியில் உடைக்கிற ரகசியமாம் அது. இதுவரை ஒருவரும் தானாகக் கண்டுபிடித்ததில்லையாம். அண்ணையின் தோளில் தட்டி, எல்லோரையும் கைதட்ட வைத்தார். அண்ணைக்கு முகமெல்லாம் வெளிச்சம். நாட்டை விட்டு வந்த பிறகு அவருடைய வேலையை ஒருவர் மதித்தது அதுதான் முதல் தடவை.

அந்த உற்சாகத்தில் தபால்காரர் இன்னொரு ரகசியத்தையும் சொன்னார். நேர் மேலே மலையுச்சி, அதில் எல்லைக்கல் நிற்கிறது, படியில் ஏறினால் நாங்கள் அடுத்த லாண்ட்கிரைஸில். வெளிநாட்டுக்கு நல்வரவு என்று சொல்லி அவரே சிரித்தார்.

அண்ணைக்கு டொச்சில் நூறு சொல் தெரிந்திருக்குமோ என்னவோ, ஆனால் லாண்ட்கிரைஸ் என்ற சொல் தெரியாத அகதி ஜேர்மனியில் இல்லை. படிமேல் வைத்த காலை நெருப்பில் பட்டமாதிரி இழுத்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், மப் பாத்தனீங்கள்தானே?"

அந்தக் கறுப்பு வளைவு அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது சுரங்க வாசல். மலையின் மறுபக்கத்தில் அதேபோல இன்னொன்று இருந்திருக்கும். பதுளை ரயில் பாதையில் எத்தனை சுரங்கம் என்று பிள்ளைகளுக்கு ஆறு வருடம் படிப்பித்தவள் நான். ஆனால் பனையை விட உயரமாக ஒன்றும் நிற்காத ஊரில் பிறந்த என் விரலுக்கு, பாதை மலைக்கு மேலால்தான் போகும், உள்ளால் போகாது. அந்த நேரம் படி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அண்ணை திரும்பி நடக்கத் தொடங்கினார். வந்த வழிக் கதவு பூட்டியிருக்கிறது, எல்லோரும் மறுபக்கத்தால்தான் வெளியே போவது, அங்கே குடிசையில் கோப்பியும் கேக்கும் தயாராக இருக்கிறது, படமெடுக்கப் பேப்பர்காரரும் காத்திருக்கிறார் என்று டொச் அம்மா சொன்னார். அடுத்த மாவட்டத்தில் அண்ணை சூட்டும் கோட்டுமாக நிற்கிற படம் பேப்பரில் வந்தால் அதை விட வேறென்ன சாட்சி வேண்டும்?

"என்னாலை ஏலாது, ரீச்சர்," என்றார் அண்ணை. "இதிலை இருட்டுக்கை இருந்தாலும் இருப்பன். அங்காலை வரமாட்டன்."

காட்டுக்குள் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று டொச் அம்மா சமாதானம் சொன்னார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர்களுக்கு அந்தச் சட்டமே தெரியாது. ஒரு வருடமாக எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவருக்கும், ஊரெல்லாம் தபால் கொடுத்தவருக்கும், அந்த ஊன்றுதடிக்காரர் முப்பது பேருக்கும் நாங்கள் இந்தப் படியில் ஏறக் கூடாது என்பது தெரியாது. எனக்குத் தெரிந்த டொச்சையெல்லாம் திரட்டி, கையாலும் காலாலும் நிரப்பி, சட்டத்தைச் சொன்னேன். அண்ணையின் முதல் தடவையைச் சொன்னேன். மனைவியையும் பிள்ளைகளையும் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன், அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

டொச் அம்மாவின் கழுத்து சிவந்து காது வரை ஏறியது. தன் நாட்டுச் சட்டத்தை ஓர் அகதி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவர் அதட்டியது எங்களையல்ல, தன்னையே என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. காலையில் தொப்பி கழற்றிய கிழவர்தான் முதலில் வாய் திறந்தார். இந்த ஐயா வரமுடியாவிட்டால் கேக் வரட்டும் என்றார்.

கேக் வந்தது. நான்கு பேர் மறுபக்கம் போய், மண் ஏற்றுகிற தள்ளுவண்டியில் துணி விரித்து மூன்று கேக்கையும் கோப்பிக் கேத்தல்களையும் ஏற்றி, சுரங்கத்துக்குள்ளால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தபால்காரர் பலகைகளை அடுக்கி இருக்கை செய்தார். டொச் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு வெண்கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நீங்கள்தானே புவியியல் ஆசிரியை, எல்லையைப் போடுங்கள் என்றார்.

போட்டேன். படிக்கு ஒரு சாண் இப்பால், சுவரிலிருந்து சுவர் வரை, குந்தியிருந்து நேராக. என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாக வரைந்த கோடு அதுதான். அண்ணை வந்து குனிந்து பார்த்து, "இந்த முறை சரிதானே?" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. போட்டிருந்த ஆம்பிளைக் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது ஒரு கொண்டாட்டம். கோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணை, இவர், நான். மற்றவர்கள் இரண்டு பக்கமும். ஊன்றுதடிக்காரி ஒருத்தி கேக்கை ஒரு மாவட்டத்தில் வெட்டி மற்ற மாவட்டத்தில் பரிமாறினாள். தொப்பிக்காரக் கிழவர் கோட்டுக்கு மேலால் அங்கும் இங்கும் கால் வைத்து, இப்போது நான் எங்கே, இப்போது எங்கே என்று சிறுபிள்ளைபோல ஆடினார். எங்கள் ரொட்டியும் சம்பலும் எல்லை தாண்டிப் போயின. சம்பலை ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்ட தபால்காரர் கண்ணீரோடு, இது அன்றைக்கு இருந்திருந்தால் சுரங்கத்துக்கு வெடியே தேவைப்பட்டிருக்காது என்றார்.

காத்துக் களைத்த பேப்பர்காரரும் உள்ளே வந்துவிட்டார். படம் எடுக்கும்போது அண்ணை கழுத்துப்பட்டியை இறுக்கி, கேக் தட்டைக் கையில் ஏந்தி, சப்பாத்து முனைகள் கோட்டில் படாமல் இருக்கின்றனவா என்று மூன்று தரம் குனிந்து பார்த்தார். முடிந்ததும் தபால்காரர் எங்கள் மூவரையும் மட்டும் வந்த வழியே கூட்டிப்போய்க் கதவைத் திறந்து விட்டார். செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம் வந்தது. ஹைமே கூடி நின்று பார்த்தது. கூர்முனைச் சப்பாத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெளிவாக இருந்தது. அண்ணை அதை வெட்டி, தன் கேஸ் கடிதங்களோடு கோப்பில் வைத்தார். கேட்டால் காட்டலாம் என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

அவருடைய கேஸ் சரிவர இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. எண்பத்தொன்பதில், அகதியாக ஏற்றுக்கொண்டவர்களுக்குக் கொடுக்கிற நீலப் பாஸ்போர்ட் கையில் இருந்தது, மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கியிருந்தார்கள். வந்த மூன்றாம் கிழமையே டொச் அம்மா மறுபடியும் அழைத்தார். அண்ணை அதே மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மூன்று வருடமாகவே நான் ஒரு பகிடியைத் தயாராக வைத்திருந்தேன். படியடிக்கு வந்ததும், "அண்ணை, மப் பாத்திட்டியளோ?" என்று கேட்பதாக இருந்தேன்.

சுரங்க வாசலில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நிற்கும்போது சின்னவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஏழு வயது. தகப்பன் வெட்டிவிட்டு வந்த பங்கரில் இருந்து எழும்பி வந்தவள். அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. பழகிப்போன ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்பா, இதுக்கை எவ்வளவு நேரம் இருக்கவேணும்?"

அண்ணையின் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணை குனிந்து, பிள்ளையின் தலைக்கவச வாரை இறுக்கிவிட்டார்.

"இருக்கத் தேவையில்லை, பிள்ளை. இது நடந்து போறதுக்கு. அங்காலை வெளியிலை போகலாம். கேக்கும் இருக்கு."

இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். கூரையைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தடங்களைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டே போனார். படி வந்தது. என் கோடு எப்போதோ அழிந்து போயிருந்தது. அவர் சின்னவளைத் தூக்கிப் படிமேல் விட்டார், மூத்தவளுக்குக் கை கொடுத்தார், தானும் ஏறினார். எங்கே ஏறுகிறோம் என்று அவர் கவனிக்கவேயில்லை.

மூன்று வருடமாக வைத்திருந்த பகிடி என் நாக்கு நுனியில் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.